கார் சாவி ரிமோட் மக்கர் செய்தால்: பேட்டரி மாற்றுவதிலிருந்து புரோகிராமிங் வரை

ரிமோட் வேலை செய்யவில்லை என்றதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இன்னொரு சாவி எங்கே?" என்பதுதான். கார் வாங்கும்போது கொடுத்த இரண்டாவது சாவியை எடுத்து வந்து அழுத்திப் பாருங்கள். அது வேலை செய்தால் கோளாறு கையில் இருக்கும் சாவியில். அதுவும் கம்மென்று கிடந்தால் கோளாறு பெரும்பாலும் காரில். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல்தான், பட்டன் பேட்டரி மாற்றினால் தீரும் வேலைக்குப் புதுச் சாவியின் விலையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

செட்டிநாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. கார் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ வீட்டு வாசலில் நிற்கும். இரண்டாவது சாவி சென்னையில் மகன் வீட்டு பீரோவில் இருக்கும், அல்லது பெட்டியோடு சிங்கப்பூருக்கே போயிருக்கும். கார் எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரில்தான் இரண்டு சாவியும் இருக்க வேண்டும். புரோகிராமிங் (சாவியைக் காரின் நினைவில் பதியும் வேலை) வரை போக நேர்ந்தால் இது ஏன் இன்னும் முக்கியம் என்பது கீழே வருகிறது.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாவி என்று நாம் கையில் வைத்திருப்பது ஒரே பொருள் போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. பட்டனை அழுத்தினால் கதவைத் திறக்கும் ரேடியோ ரிமோட் ஒன்று. நம் நாட்டுக் கார்களில் இது பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசும், பேட்டரி இல்லாமல் ஓடாது. இரண்டாவது, எஞ்சினை ஸ்டார்ட் ஆக விடும் இம்மொபிலைசர் சிப். இதற்குப் பேட்டரியே வேண்டாம். சாவி துவாரத்தைச் சுற்றியுள்ள காயில் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் வீசும் மின்காந்த அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, இரும்புச் சாவி. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பிரித்துப் பார்த்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

முன்பு தூரத்திலிருந்தே திறந்தது, இப்போது கதவுப் பக்கம் போய் இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருக்கிறது

பேட்டரி. வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து "2.9 வோல்ட் காட்டுதே, நல்லாத்தானே இருக்கு" என்று ஏமாறுகிறவர்கள் நிறைய. சும்மா இருக்கும்போது காட்டும் வோல்டேஜை நம்ப முடியாது. பட்டனை அழுத்தும் நொடியில் ரிமோட் ஏறக்குறைய 10 மில்லிஆம்பியர் இழுக்கும். பழைய பேட்டரியில் உள் மின்தடை ஏறிப்போயிருக்கும். அது 100 ஓம் ஆகிவிட்டால், அந்த 10 மில்லிஆம்பியருக்கே 1 வோல்ட் விழுந்துவிடும். மீட்டரில் 2.9 காட்டும் பேட்டரி, அழுத்தும்போது 1.9 தான் கொடுக்கும். சரியாகப் பார்க்க வேண்டுமானால் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பேட்டரியின் இரு பக்கமும் தொடும்படி இரண்டு மூன்று நொடி வைத்து, அப்போது மீட்டரைப் பாருங்கள். புதுப் பேட்டரி 2.8-க்குக் கீழே இறங்காது. 2.5-க்குக் கீழே சரிந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

கடைக்குப் போய், "அண்ணே, கார் சாவி பேட்டரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கைக்கு வந்ததைத்தான் கொடுப்பார்கள். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சிஆர்2032 என்றால் முதல் இரண்டு இலக்கம் குறுக்களவு, 20 மி.மீ.; அடுத்த இரண்டு தடிமன், 3.2 மி.மீ. அதேபோல சிஆர்2025 என்றால் 2.5 மி.மீ., சிஆர்2016 என்றால் 1.6 மி.மீ. சிஆர்1620 மட்டும் 16 மி.மீ. அகலமுள்ள சிறிய வகை. எல்லாமே 3 வோல்ட்தான், ஆனால் தாங்கும் கொள்ளளவு வேறு. 2032-ல் ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர்-மணி இருக்கும், 2025-ல் 160 சொச்சம், 2016-ல் 90 தான். உங்கள் சாவிக்கு எது என்பதை உள்ளே இருக்கும் பழைய பேட்டரியின் முதுகில் பார்ப்பதே நிச்சயம். அதற்கு முன் யாராவது தப்பாகப் போட்டிருக்கலாம் என்பதால், மூடியின் உட்புறம் எண் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மின்வேதியியல் ஆய்வுக்கென்று 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கும் ஊர் காரைக்குடி. அந்த ஊரிலும், வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் மாதக்கணக்கில் தொங்கும் பேட்டரி அட்டையை நல்ல பேட்டரி என்று வாங்கி வருகிறோம். அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறதா, ஒவ்வொரு பேட்டரியும் தனித்தனிக் குமிழில் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டை கிழிந்து, ஒன்றோடொன்று உரசிக் கிடக்கும் பேட்டரிகள் கடையிலேயே பாதி காலியாகியிருக்கும். விற்பனை அதிகமுள்ள வாட்ச் கடையில் வாங்குவது நல்லது.

எல்ஐஆர்2032 என்று ஒன்று உண்டு. அளவு அதேதான், ஆனால் ரீசார்ஜ் செய்யும் வகை. முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும். 3 வோல்ட்டுக்கென்று செய்த ரிமோட் போர்டில் அதைப் போடாதீர்கள். 2032 கிடைக்கவில்லை என்று இரண்டு 2016-ஐ அடுக்கிப் போடுவதும் வேண்டாம். தடிமன் கச்சிதமாக 3.2 மி.மீ. வரும், வோல்டேஜ் 6 ஆகிவிடும்.

இனி மாற்றும் வேலை. வெள்ளைத் துண்டு ஒன்றை மேசையில் விரித்து அதன்மேல் செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து செய்தால், அந்தப் பூ வேலைப்பாட்டில் விழுந்த குட்டி ஸ்க்ரூவைச் சாயங்காலம் வரை தேடலாம்.

1. ஸ்மார்ட் சாவி (பையில் இருந்தாலே போதும், பட்டன் ஸ்டார்ட் கார்களுக்கு வருவது) என்றால் பக்கத்தில் உள்ள சிறு கொக்கியைத் தள்ளி, உள்ளே செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவுங்கள். அது இருந்த இடத்தில் ஒரு பிளவு தெரியும். மடக்குச் சாவி என்றால் பக்கவாட்டில் பிளவு இருக்கும். பழைய மாடல் சாவிகள் சிலவற்றில் தலைப்பகுதியில் ஒரு குட்டி ஸ்டார் ஸ்க்ரூ.
2. பிளவில் தட்டை ஸ்க்ரூ டிரைவரின் நுனியில் துணி சுற்றி வைத்து, நெம்பாமல் மெல்லத் திருப்புங்கள். ஒரு பக்கம் "டிக்" என்று விட்டதும் அடுத்த பக்கத்துக்குப் போங்கள். ஒரே இடத்தில் அழுத்தினால் கொக்கி ஒடியும், அப்புறம் கூட்டில் ரப்பர் பேண்ட் சுற்றிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.
3. பேட்டரியை எடுக்குமுன் செல்போனில் ஒரு படம். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும். எழுத்து பொறித்த அகலமான பக்கம்தான் பாசிட்டிவ். அது மேலேயா கீழேயா என்பது சாவிக்குச் சாவி மாறும்.
4. பல் குத்தும் குச்சியால் நெம்பி எடுங்கள். உலோக இடுக்கி இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டுவிடும்.
5. புதியதை விளிம்பில் பிடித்து வையுங்கள். முகத்தில் விரல் எண்ணெய் படவேண்டாம். ரப்பர் வளையம் இருந்தால் அது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பார்த்து மூடுங்கள்.

பெரும்பாலான சாவிகளில், பேட்டரியை எடுத்ததால் எதுவும் அழியாது. குறியீடெல்லாம் மின்சாரம் போனாலும் நிற்கும் நினைவகத்தில் இருக்கிறது. "பேட்டரி மாத்தினா புரோகிராம் பண்ணணும் சார்" என்று யாராவது சொன்னால், வேறு கடை பாருங்கள்.

எடுத்த பழைய பேட்டரியை மேசையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். ரிமோட்டுக்கு உதவாமல் தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்கு வேண்டிய மின்சாரம் மிச்சமிருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரி. பழைய பேட்டரியின் இரு முகத்திலும் செல்லோடேப் ஒட்டி ஒதுக்கி வையுங்கள்.

புதுப் பேட்டரி போட்டாயிற்று, இப்போது சுத்தமாக வேலை செய்யவில்லை

தலைகீழாகப் போட்டிருப்பீர்கள். முதலில் அதைப் பாருங்கள். அடுத்தது, பேட்டரியின் முகத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடித்தாள் ஸ்டிக்கரை உரிக்காமல் போட்டிருக்கலாம். மூன்றாவது அநேகருக்குத் தெரியாதது: குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பிவிட வேண்டும் என்று சில கம்பெனிகள் பேட்டரியின்மேல் கசப்புப் பூச்சு கொடுக்கின்றன. சில சாவிகளின் தொடுமுனை அந்தப் பூச்சின்மேல் பட்டு மின்சாரம் எடுக்கத் திணறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அழுத்தித் துடைத்தால் போகும். செல்போன் ரிப்பேர் கடைகளில் அது இருக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் தொடுமுனைத் தகடுகளைப் பாருங்கள். பேட்டரியை நெம்பும்போது தகடு கீழே வளைந்துபோயிருக்கும். பேட்டரி உட்கார்ந்தபின் கூட்டை ஆட்டினால் "கடகட" என்று சத்தம் வந்தால் அதுதான். ஊசி முனையால் அரை மில்லிமீட்டர் மேலே தூக்கிவிடுங்கள், அதற்கு மேல் தூக்கினால் தகடு ஒடியும். 2032 இருக்க வேண்டிய இடத்தில் 2025 போட்டிருந்தாலும் இதே கடகடப்புதான்.

ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை

திறக்கிறது, பூட்டவில்லை. அல்லது பூட்டுகிறது, திறக்கவில்லை. பேட்டரி காரணமே இல்லை. பட்டனுக்கு அடியில் போர்டில் இருக்கும் குட்டி ஸ்விட்ச் தேய்ந்திருக்கும், அல்லது அதன் ஈயப் பற்று விட்டிருக்கும்.

செட்டிநாட்டுப் பக்கம் இதற்கு இரண்டு கூடுதல் காரணங்கள். ஒன்று, சாவியை வேட்டி மடியில் செருகும் பழக்கம். இடுப்பு வியர்வை உப்புத் தண்ணீர்தான், ரப்பர் பட்டன் ஓரமாக இறங்கிச் செம்புத் தடத்தைப் பச்சையாக அரிக்கும். இன்னொன்று செம்மண் தூசி. மாவு போன்ற அது வியர்வையோடு சேர்ந்து பட்டனுக்கு அடியில் சிவப்புப் பசையாக இறுகிக் கிடக்கும். போர்டை வெளியே எடுத்து, பேட்டரியை நீக்கிவிட்டு, பழைய மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஆல்கஹால் தொட்டுத் தேயுங்கள். பத்து நிமிடம் நிழலில் காயட்டும். பிறகு பட்டன் ரப்பர் இல்லாமல் ஸ்விட்சை நேரடியாகக் குச்சியால் அழுத்திப் பாருங்கள். வேலை செய்தால் ரப்பரின் அடிக்குமிழ் தேய்ந்துவிட்டது, கூடு மட்டும் மாற்றினால் போதும். வேலை செய்யாவிட்டால் ஸ்விட்ச் மாற்ற வேண்டும். செல்போன் போர்டு வேலை செய்கிறவர்கள் கால்மணி நேரத்தில் செய்துவிடுவார்கள். பழைய ஸ்விட்சின் நீள அகல உயரத்தைப் பார்த்தே புதியதை எடுக்கச் சொல்லுங்கள். உயரம் கொஞ்சம் கூடினாலும் கூட்டை மூடியதும் பட்டன் அழுந்தியே இருந்து, பேட்டரி சீக்கிரமே தீரும்.

பட்டன் அழுத்தினால் சாவியில் விளக்கு எரிகிறது, கார் கண்டுகொள்ளவில்லை

விளக்கு எரிவதால் ரிமோட் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. டிவி ரிமோட்டைச் சோதிப்பதுபோல் செல்போன் கேமராவில் பார்ப்பதும் உதவாது. டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் பேசுகிறது, இது ரேடியோ.

சாவி கீழே விழுந்ததா என்று வீட்டில் விசாரியுங்கள். ரேடியோ அலையின் அதிர்வெண்ணைப் பிடித்து வைப்பது போர்டில் இருக்கும் ஒரு சின்ன உலோகக் கூட்டுக் கிரிஸ்டல். கல் தரையில் ஒருமுறை விழுந்தால் அதன் ஈயப் பற்று வெடித்துப்போகலாம். விளக்கு எரியும், அலை போகாது. சாவி தயாரிக்கும் கடைகளில் அதிர்வெண் காட்டும் சிறு கருவி உண்டு. அதன்மேல் வைத்து அழுத்தினால் 433.92 காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் கிரிஸ்டலுக்குப் புது ஈயம் வைத்துப் பார்க்கலாம்.

விழவில்லை, ஆனால் பேரன் கையில் ஒரு மணி நேரம் இருந்தது என்றால், விஷயம் வேறு. ரிமோட் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் புதுக் குறியீடு அனுப்பும். திருடன் ஒன்றைப் பதிவு செய்து மறுபடி வீச முடியாமல் இருப்பதற்கான ஏற்பாடு. அடுத்து வரவேண்டிய எண்ணைக் கார் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். காருக்கு எட்டாத தூரத்தில் சும்மா அழுத்திக்கொண்டே இருந்தால் சாவியின் கணக்கு முன்னே ஓடிவிடும். பரவலாக உள்ள கீலாக் முறையில் 16 எண் வரை தாண்டியிருந்தால் கார் கேள்வி கேட்காமல் ஏற்கும். அதற்கு மேல் போயிருந்தால், அடுத்தடுத்து இரண்டு குறியீடு சரியாக வந்த பிறகே நம்பும். ஆகவே கார் அருகே நின்று இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு அழுத்துங்கள். சரியாகாவிட்டால் சாவியைப் போட்டு ஆன் நிலைக்குத் திருப்பி, கதவெல்லாம் மூடியபடி பூட்டும் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, பிறகு ஆஃப் செய்து எடுத்துப் பாருங்கள். பல மாடல்களில் இதிலேயே கணக்கு ஒத்துப்போகும். உங்கள் மாடலுக்கான கச்சிதமான வரிசை கையேட்டில் இருக்கும்.

கூடு மாற்றிய பிறகு எஞ்சின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

சாவிக்கடைகளில் அடிக்கடி நடக்கும் தப்பு இது. பழைய கூடு தேய்ந்துவிட்டது என்று பளபளப்பான மடக்குக் கூடு வாங்கி, போர்டை மட்டும் மாற்றி மாட்டியிருப்பார்கள். கதவு திறக்கும், பூட்டும். ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. சில கார்களில் பிடித்து இரண்டு நொடியில் அணையும். மீட்டர் போர்டில் சாவிப் படமோ பூட்டுப் போட்ட கார் படமோ மினுக்கும்.

காரணம், இம்மொபிலைசர் சிப் பல சாவிகளில் போர்டில் இருப்பதில்லை. சின்னக் கறுப்புத் துண்டாகவோ, மெல்லிய கண்ணாடிக் குழலாகவோ பழைய கூட்டின் ஒரு குழியில் தனியாகச் செருகிக் கிடக்கும். பார்த்தால் பிளாஸ்டிக் துண்டு என்றுதான் தோன்றும். பழைய கூட்டைக் குப்பையில் போட்டால் அதோடு போய்விடும். உடனே தேடுங்கள். கிடைத்தால் புதுக் கூட்டின் குழியில் வைத்து, ஆடாமல் இருக்க ஒரு சொட்டு சிலிக்கான் பசை விடலாம். கண்ணாடிக் குழல் வகையை நெம்பி எடுக்காதீர்கள், உடைந்தால் சாவியே போன மாதிரி. கிடைக்கவில்லையென்றால்தான் புது சிப், புரோகிராமிங்.

கூடு எதையும் தொடாமலே இந்த அறிகுறி வந்தால், சாவிக்கொத்தைப் பாருங்கள். இன்னொரு காரின் சாவியோ, வேறு சிப் சாவியோ அதே வளையத்தில் தொங்கினால் துவாரத்துக் காயில் குழம்பும். தனியே கழற்றிப் போட்டு முயலுங்கள்.

இரண்டு சாவியும் வேலை செய்யவில்லை

காரின் 12 வோல்ட் பேட்டரி. ஊரில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பவர்களுக்கு இது வருடா வருடம் நடக்கும். பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், ரிமோட் ரிசீவர், கடிகாரம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் 30 மில்லிஆம்பியர் கசிந்தால், 24 நாளில் பாதி காலி. அதற்கு மேல் ஸ்டார்ட் ஆவது சந்தேகம்தான்.

இரும்புச் சாவியால் கதவைத் திறங்கள். ஸ்மார்ட் சாவிக் கார்களில் டிரைவர் கதவுக் கைப்பிடியில் துவாரம் வெளியே தெரியாமல் ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கலாம். மின்சாரம் கொஞ்சம் மிச்சமிருந்தால் அலாரம் அலறும், பயப்பட வேண்டாம். சரியான சாவியோடு ஆன் செய்தால் அடங்கும். உள்விளக்கு மங்கினாலோ, எரியாவிட்டாலோ தீர்ப்பு உறுதி. மீட்டர் இருந்தால் பேட்டரி முனையில் வையுங்கள்: நல்ல நிலையில் 12.6, அது 12-க்குக் கீழே என்றால் காலி.

ஜம்பர் வயர் போடும் வரிசை: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை செத்த காரின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. ஸ்டார்ட் ஆனதும் குன்றக்குடி வரை போய்த் திரும்பினால் சார்ஜ் ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். போக 10 கிலோமீட்டர் அளவுதான். முழுக்கக் காலியான பேட்டரிக்கு சார்ஜரில் ஒரு இரவு வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும்போது நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் போவது நல்ல வழக்கம்தான். அப்படிச் செய்தால் திரும்பி வரும்போது ரிமோட் பேசாது, அது கோளாறு இல்லை. சில கார்களில் டிக்கி மின்சாரத்தில் மட்டுமே திறக்கும். ஸ்பேனரை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

12 வோல்ட் நன்றாக இருந்தும் இரண்டு சாவியும் ஊமை என்றால் சென்டர் லாக் ஃபியூஸ், பிறகு ரிசீவர். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம்: சாவி துவாரத்தில் இருந்தாலோ, ஒரு கதவு சரியாக மூடாவிட்டாலோ பல கார்கள் ரிமோட்டை ஏற்காது. திறந்த கார் அரை நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்வதும் கோளாறு இல்லை. திறந்துவிட்டு எந்தக் கதவையும் தொடாமல் இருந்தால் அப்படித்தான் செய்யும்.

வீட்டில் வேலை செய்கிறது, குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் செய்வதில்லை

இடத்தின் குறை. 433 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கார் மட்டும் பயன்படுத்துவதில்லை; வயர்லெஸ் காலிங் பெல், ரிமோட் கேட் எல்லாம் அங்கேதான். மலிவான எல்இடி விளக்குகளின் டிரைவரும் இரைச்சல் போடும். கல்யாண வீட்டில் முகப்பு முழுக்க சீரியல் விளக்கு எரியும்போது கார் திறக்காமல், விளக்கை அணைத்ததும் திறந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பிள்ளையார்பட்டியில் கூட்ட நாளில் கார்களுக்கு நடுவே சிக்கினாலும் தூரம் குறையும். கதவருகே போய், சாவியை ரிசீவர் இருக்கும் கண்ணாடிப் பக்கம் நீட்டி அழுத்துங்கள். முடியாவிட்டால் இரும்புச் சாவி. உங்கள் காருக்குள்ளேயே டேஷ் கேமரா சார்ஜர் எந்நேரமும் மின்சாரத்தில் இருந்தால், அதைக் கழற்றி ஒருநாள் பாருங்கள்.

பட்டன் ஸ்டார்ட் காரில் சாவி இல்லை என்று காட்டுகிறது

பையில் சாவி செல்போனோடு ஒட்டிக் கிடக்கிறதா? பிரித்து வையுங்கள். அப்படியும் காட்டினால் சாவிப் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியையே ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடியுங்கள். பல கம்பெனிகளில் சாவியின் முனையாலேயே பட்டனை அழுத்த வேண்டும், சிலவற்றில் கம்பெனி முத்திரை உள்ள பக்கம் பட்டனைத் தொட வேண்டும். சில கார்களில் சாவியை வைக்க டேஷ்போர்டுப் பெட்டியிலோ கியர் அருகிலோ தனிக் குழி உண்டு. பேட்டரி இல்லாமல் ஓடும் சிப்பை அந்த இடத்துக் காயில் படித்துக்கொள்ளும். புதுப் பேட்டரி போடும் வரை எத்தனை முறையும் இப்படி ஓட்டலாம்.

புதுப் பேட்டரி சில மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறது

ஸ்மார்ட் சாவியா? எங்கே மாட்டுகிறீர்கள்? வாசலில் கார், முகப்பில் ஆணியில் சாவி, இடையில் நாலடி. கார் "இருக்கிறாயா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், சாவி பதில் சொல்லிச் சொல்லியே ஓயும். வளவு தாண்டி இரண்டாங்கட்டில் வையுங்கள். இடம் இல்லையென்றால் இறுக்கமாக மூடும் எவர்சில்வர் சம்படம் போதும். மூடிய சம்படத்தைக் கார்க் கதவருகே கொண்டுபோய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள், திறக்கவில்லை என்றால் சம்படம் வேலை செய்கிறது. அலையைத் தூரத்துக்கு நீட்டித் திருடுகிறவனுக்கும் இதுவே தடை.

சாவியைக் காருக்குள் விட்டு வெயிலில் பூட்டுவது அடுத்த காரணம். பல பட்டன் பேட்டரிகளுக்குத் தயாரிப்பாளர் போடும் வெப்ப வரம்பு 60 டிகிரியை ஒட்டியே இருக்கும். சித்திரை வெயிலில் டேஷ்போர்டு அதைத் தாண்டிவிடும்.

தண்ணீரில் விழுந்தது, அல்லது வேட்டியோடு வாஷிங் மெஷினில் போனது

அழுத்திப் பார்க்காதீர்கள். பேட்டரியை உடனே கழற்றுங்கள், அரிப்பைக் கிளப்புவது அதன் மின்சாரம்தான். கிணற்று நீரோ சோப்பு நீரோ என்றால் போர்டை ஆல்கஹாலில் அலசி, மின்விசிறிக் காற்றில் ஒருநாள் காயவைத்துப் புதுப் பேட்டரி போடுங்கள். அரிசியில் புதைப்பதால் தவிட்டு மாவுதான் உள்ளே போகும்.

எல்லாம் பார்த்தாயிற்று, புரோகிராமிங்தான் வழி என்றால்

ரிமோட் எந்த வகை என்று முதலில் பாருங்கள். அடிப்படை மாடல் வாங்கி வெளிக்கடையில் சென்டர் லாக் போட்டிருந்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் அதைத் தொட முடியாது. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் அந்த கிட்டின் பெட்டியில் கற்றுக்கொள்ளும் பட்டன் இருக்கும். போட்டவரிடமே போங்கள்.

கம்பெனி சாவி என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினியோடு பேசும் இணைப்பு) கருவியை மாட்டித்தான் சிப்பைப் பதிய வேண்டும். பல கம்பெனிகளில் இதற்கு ஒரு பின் நம்பர் தேவை, சேசிஸ் எண்ணை வைத்து எடுப்பார்கள். தப்பான பின்னைச் சில தடவை போட்டால் கருவியைக் கார் உள்ளே விடாது. "முயற்சி பண்ணிப் பாக்கலாம்" என்கிறவரிடம் காரை விடாதீர்கள். பெரிய கம்பெனிகளின் வேலை காரைக்குடியிலேயே முடியும். மற்றதற்கு மதுரையோ திருச்சியோ, இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்.

கையோடு எடுத்துப் போக வேண்டியது: ஆர்சி, அடையாள அட்டை, சாவி எண் பொறித்த குட்டித் தகடு, இருக்கும் எல்லாச் சாவிகளும். இந்தக் கடைசிதான் முக்கியம். பல கார்களில் புதுச் சாவியைச் சேர்க்கும்போது பழைய பதிவெல்லாம் அழிந்து, அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் சாவிகள் மட்டுமே மறுபடி ஏறும். சிங்கப்பூரில் இருக்கும் சாவி அத்தோடு வெறும் இரும்பு. வேலை தொடங்குமுன் 12 வோல்ட் பேட்டரி 12.4-க்கு மேல் இருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் விழுந்தால் காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியே பாதிக் குறியீட்டில் நின்றுவிடும். சார்ஜர் மாட்டச் சொல்லுங்கள்.

தொடங்குமுன் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று கருவித் திரையில் காட்டச் சொல்லுங்கள், முடிந்ததும் மறுபடி. உங்களிடம் இரண்டு இருந்து, திரையில் மூன்று என்றால் கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு சாவியாலும் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, பூட்டித் திறந்து பார்த்த பிறகே பணம்.

சாவிக்கடையில் "காப்பி" எடுத்துத் தருகிறேன் என்றால், பழைய சிப்பின் அடையாளத்தை அப்படியே புது சிப்பில் எழுதுகிறார்கள் என்று அர்த்தம். மலிவு, வேகம், காரைத் தொடவே வேண்டாம். ஆனால் காருக்கு இரண்டும் ஒரே சாவி, ஒன்று தொலைந்தால் அதை மட்டும் நீக்க முடியாது. பழைய கார் என்றால் இது போதும். புதுக் காருக்கு நாங்கள் சொல்லமாட்டோம். ஆன்லைனில் விற்கும் பயன்படுத்திய ஸ்மார்ட் சாவியும் வேண்டாம். பல கம்பெனிகளின் ஸ்மார்ட் சாவி ஒரு காரில் ஏறியதும் பூட்டிக்கொள்ளும், இன்னொரு காருக்கு வராது.

சாவி தொலைந்தால்

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகார் பெற்றதற்கான சான்று) வாங்குங்கள். இன்சூரன்ஸில் சாவிக்கான கூடுதல் கவர் எடுத்திருந்தால் அது தேவைப்படும். மிச்சமுள்ள சாவியைக் கொண்டுபோய்ப் பதிவை அழித்து மறுபடி ஏற்றினால், தொலைந்த சாவியால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. ஆனால் அதன் இரும்பு முனை கதவை இன்னும் திறக்கும், ஆகவே பூட்டையும் மாற்றும் வரை காருக்குள் எதையும் வைக்காதீர்கள். பின்னால் எப்போதாவது அந்தச் சாவி கிடைத்தால், அடுத்த முறை புரோகிராமிங்குக்குப் போகும்போது மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.